தச்சுக் கருவிகளைச் சுமக்கச் சரியான வழி: பை, பெட்டி, இடுப்புப் பட்டை தேர்வு செய்ய முழுமையான வழிகாட்டி

கடைக்குப் போய் "தச்சு வேலைக்கு ஒரு நல்ல பை வேண்டும்" என்று கேட்டால், சுற்றிலும் இருபது பாக்கெட் தைத்த பெரிய பை ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். வீட்டில் உள்ள கருவிகள் அனைத்தையும் அதில் அடுக்கியும் விடலாம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்கும்போதுதான் தோள்பட்டை கேள்வி கேட்கும். மேலே போன பிறகும் நிம்மதி இல்லை. அரை அங்குல உளி ஒன்றுக்காக ஐந்து நிமிடம் பைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும்.

குறை பையில் இல்லை. ஒரு தச்சரின் கருவி தினமும் மூன்று தூரங்களைக் கடக்கிறது. வீட்டிலிருந்து வேலையிடம் வரை முதல் தூரம். அது வண்டியில் கழிகிறது. கட்டட வாசலிலிருந்து வேலை நடக்கும் அறை வரை இரண்டாவது. அது கையிலும் தோளிலும். அறைக்குள் கைக்கும் கருவிக்கும் நடுவே உள்ள தூரம் மூன்றாவது. அது இடுப்பிலோ காலடியிலோ தீர வேண்டியது. இந்த மூன்றையும் ஒரே பையால் தீர்க்க நினைப்பதில்தான் முதுகுவலி தொடங்குகிறது. மூன்று தூரத்துக்கும் தனித்தனியாக யோசித்தால், பெரும்பாலும் விலை உயர்ந்த எதையும் வாங்க வேண்டியிருக்காது.

கதவு, ஜன்னல் பொருத்துவது, பிளைவுட் அலமாரி, சமையலறை மரவேலை என்று இடம் விட்டு இடம் போய் வேலை செய்பவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சொந்தப் பட்டறையில் ஒரே மேசையில் வேலை செய்பவருக்குச் சுவரில் ஒரு பலகையும் முன்னால் கட்டிக்கொள்ள ஒரு துணியும் போதும்.

முதல் படி: எல்லாவற்றையும் கொட்டி எடை போடுங்கள்

தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து, இப்போது நீங்கள் சுமக்கும் பையை முழுவதுமாகக் கவிழ்த்துவிடுங்கள். அதற்கு முன் பையோடு எடை பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கித் தராசு இருந்தால் எளிது. இல்லையென்றால் உடல் எடை பார்க்கும் பொறியில் பையுடன் ஒரு முறை, பையில்லாமல் ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம்.

எடை கூடினால் பெரும்பாலோர் டிரில்லையும் சுத்தியலையும் சந்தேகப்படுவார்கள். 16 அவுன்ஸ் சுத்தியலின் தலை சுமார் 450 கிராம்தான். 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். 18 வோல்ட் என்றால் ஒன்றரை கிலோவோ அதற்கு மேலோ. மரம் அறுக்கும் 4 அங்குலக் கை இயந்திரம் மூன்று கிலோவை நெருங்கும். இவை கண்ணுக்குத் தெரிகிற எடை. பையின் அடியில் தேங்கியிருக்கும் ஸ்க்ரூ, வளைந்த ஆணி, முனை மழுங்கிய பிட், போன வேலையில் மிஞ்சிய கீல், பாதி தீர்ந்த பசை டப்பா ஆகியவற்றைத் தனியாக ஒரு தட்டில் போட்டு எடை பாருங்கள். பல பைகளில் டிரில்லைவிட அந்தத் தட்டுதான் கனமாக இருக்கும். அதை அகற்றுவதற்குக் காசு செலவில்லை என்பதால் எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று குவியல்

போர்வையில் கிடப்பவற்றை மூன்றாகப் பிரியுங்கள். வேலை நடக்கும்போது கை ஓயாமல் தேடுபவை முதல் குவியல்: டேப், பென்சில், மூலைமட்டம், சுத்தியல், ஒன்றிரண்டு உளி, திருப்புளி, அன்றைய ஸ்க்ரூ. ஒரு வேலையில் ஒன்றிரண்டு முறை மட்டும் எடுப்பவை இரண்டாவது: ரம்பம், இழைப்புளி, ரசமட்டம், கிளாம்ப், அரம், அறுக்கும் இயந்திரம். "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்திருப்பவை மூன்றாவது.

மூன்றாவது குவியல் வண்டியிலோ வீட்டிலோ இருக்க வேண்டும். மாடி ஏறக்கூடாது. இந்த ஒரு விதியில் உறுதியாக இருங்கள்.

எந்தக் குவியலில் எது என்பது வேலைக்கு வேலை மாறும். ஒரு கதவுப் பலகையை நிலையில் பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். மூன்று கீல், கீலுக்கு எட்டுத் துளை என்றால் 24 ஸ்க்ரூ. வீணாவதற்கு ஆறு சேர்த்து முப்பதை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டால் போதும். முழுப் பெட்டியையும் இடுப்பில் தொங்கவிட வேண்டியதில்லை. கீலுக்குப் பள்ளம் வெட்ட ஒரு அங்குல உளி, மூலையைச் சுத்தம் செய்ய அரை அங்குல உளி, கொட்டாப்புளி, பென்சில், மூலைமட்டம், டிரில். இழைப்புளி கதவின் அருகில் தரையில் இருக்கலாம். இடுப்பில் இருக்க வேண்டிய எடை இரண்டு கிலோவைத் தாண்டாது. அடுத்த நாள் அதே தச்சர் அலமாரிக்கு மைக்கா ஒட்டப் போனால் பட்டியலே வேறு. ஆகவே இடுப்பில் உள்ளதை வேலைக்கு ஏற்ப மாற்ற வசதியாக இருக்க வேண்டும். எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரேயடியாக நிரப்பி வைப்பதில் பயனில்லை.

மூன்றாம் படி: வண்டியில் போகும் தூரம்

இங்கே எடையைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம்: கருவி ஒன்றோடொன்று மோதக்கூடாது, சுமை தாழ்வாக இருக்க வேண்டும்.

டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியைக் கைத்தொழில் செய்பவர்கள் இத்தனை பேர் விரும்புவதற்கு அதன் முன்பக்கத்தில் கால்களுக்கு நடுவே உள்ள தட்டையான இடம் ஒரு பெரிய காரணம். அங்கே வைக்கும் பெட்டி தரைக்கு அருகில் இருக்கிறது; கண்ணிலும் படுகிறது. மோட்டார் சைக்கிளில் அந்த வசதி இல்லை. ஒற்றைத் தோளில் மாட்டிய பை பிரேக் போடும்போது முன்னால் சரிந்து கையைத் தட்டும். முதுகுப்பை மாட்டுபவர்கள் அதன் அடிப்பாகம் பின் இருக்கையில் உட்காரும் அளவுக்கு வாரைத் தளர்த்திக்கொண்டால் தோளுக்கு எடையே தெரியாது. இறங்கியதும் வாரை மறுபடியும் இறுக்க வேண்டும்; தளர்ந்த முதுகுப்பையுடன் படி ஏறினால் பை பின்னால் இழுக்கும்.

ரம்பம் எந்தப் பையிலும் முழுவதுமாக அடங்காது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு துண்டை வெட்டி, நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, பல் மீது செருகிவிட்டால் பல்லும் பிழைக்கும், பையும் பிழைக்கும், பின்னால் நிற்பவர் காலும் பிழைக்கும். ரசமட்டத்துக்குத் தனித் துணி உறை தையுங்கள். வண்டியில் அடிபட்ட மட்டத்தை நம்பக்கூடாது. வேலையிடம் போனதும் ஒரு பலகை மீது வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே இடத்தில் நின்றால் மட்டம் சரி.

பெட்டியா பையா? பெட்டி என்பது மிகப் பழைய தீர்வு. சுவீடனின் கோட்லாந்து தீவில் 1936இல் நிலத்தை உழுதபோது வைக்கிங் காலத்துக் கைவினைஞர் ஒருவரின் ஓக் மரப் பெட்டி கிடைத்தது. மாஸ்டர்மிர் என்ற அந்த இடத்தின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். சுமார் 90 செ.மீ. நீளம், அதோடு ஒப்பிட்டால் மிகக் குறுகிய அகலம். நம் ஊர்ப் பழைய தச்சர்களின் மரப்பெட்டியும் கிட்டத்தட்ட இதே உருவம்தான். நீளமான கருவி உள்ளே அடங்கும். அகலம் குறைவாக இருப்பதால் தூக்கும்போது உடம்பை ஒட்டி வரும். பெட்டியின் குறை அதன் சொந்த எடை. கருவி எதுவும் இல்லாமலேயே பல கிலோ இருக்கும்.

ஒன்றின் மீது ஒன்று பூட்டி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் டானோஸ் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த சிஸ்டெய்னரும், மில்வாக்கி நிறுவனம் 2017இல் வெளியிட்ட பேக்கவுட்டும் இந்த வகையில் பெயர் பெற்றவை. வேனோ ஆட்டோவோ வைத்திருந்து, லிஃப்ட் ஓடும் குடியிருப்பில் வேலை செய்பவருக்கு அருமையான ஏற்பாடு. மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கும் கட்டடத்தில் அடிப்பெட்டியில் உள்ள சக்கரம் எதற்கும் உதவாது. லிஃப்ட் குழி வெறும் குழியாக இருக்கும்போது அடுக்கைப் பிரித்து ஒவ்வொன்றாகத்தான் தூக்க வேண்டும். என் கருத்து: இருசக்கர வண்டிக்காரர் இதில் காசு போட வேண்டாம்.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பெயிண்ட் வந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. உள்ளே நடுவில் சுத்தியல், டிரில் போன்ற கனமானவை. வெளியே சுற்றிலும் பாக்கெட் தைத்த கான்வாஸ் துணி. மழை நீர் தேங்கிய தரையிலும் வைக்கலாம், மூடி போட்டு உட்காரவும் செய்யலாம். உயரமான வாளியின் அடியில் விழுந்த சிறு பொருள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஸ்க்ரூ, பிட் ஆகியவற்றை மூடியுள்ள சிறு டப்பாக்களில் போட்டு வைக்க வேண்டும்.

நான்காம் படி: வாசலிலிருந்து அறை வரை

மிகக் குறுகிய தூரம் இது. முதுகைப் பிடிப்பதும் இதுதான்.

ஒரு கையில் 16 கிலோ தூக்குவதும் இரு கையிலும் எட்டு எட்டாகத் தூக்குவதும் ஒன்றல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலை ஆய்வு செய்த ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் இதை அளந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே கையில் 30 கிலோ சுமப்பதைவிட, இரு கைகளிலும் தலா 30 கிலோ, அதாவது மொத்தம் 60 கிலோ, சுமக்கும்போது முதுகெலும்பின் மீது விழும் பாரம் குறைவாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் சுமைக்கு ஈடுகொடுக்க மறுபக்கத் தசைகள் இறுகுகின்றன; அந்த இறுக்கமும் முதுகெலும்பைத்தான் அமுக்குகிறது.

ஆக, பெரிய பை ஒன்றுக்குப் பதிலாக நடுத்தரப் பை இரண்டு வாங்குங்கள். ஒன்றில் மின் கருவிகள், மற்றதில் கைக்கருவிகள். எடை ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ், இரு கைகளால் ஒரு பொருளைத் தூக்குவதற்கு எல்லாச் சூழலும் உகந்ததாக இருந்தால்கூட 23 கிலோவையே உச்சமாக வைத்துக் கணக்கிடுகிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத, பாதி கட்டிய படிக்கட்டு உகந்த சூழல் அல்ல. அங்கே ஒரு கை காலியாக இருப்பதே பாதுகாப்பு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பைகளையும் இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டும். அல்லது முதுகுப்பை. பேருந்தில் வேலைக்குப் போகிறவருக்கும் நான் முதுகுப்பையைத்தான் சொல்வேன். ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் கெட்டியான அடிப்பாகம் கொண்டதாக இருக்க வேண்டும். கல்லூரிப் பையில் உளி போட்டால் சில வாரங்களில் அடி கிழிந்துவிடும்.

ஐந்தாம் படி: இடுப்பில் என்ன, காலடியில் என்ன

இணையத்தில் அதிகம் விற்பவை அமெரிக்கத் தச்சர்களின் பாணியில் அமைந்த இடுப்புப் பட்டைகள். இருபுறமும் பெரிய தோல் பைகள், பின்னால் சுத்தியல் வளையம். அவை யாருக்காகப் பிறந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். அங்கே வீட்டின் எலும்புக்கூடே மரச்சட்டம். அதை எழுப்பும் தச்சர் நாள் முழுவதும் நின்றபடி, நடந்தபடி ஆணி அடிப்பவர். ஒரு நாளில் கிலோ கணக்கில் ஆணி செலவாகும். கையளவு ஆணியை அள்ள அகன்ற வாய்ப் பை வேண்டும். அது தொடைக்கு முன்னால் இருந்தாலும் அவருக்குத் தொந்தரவில்லை.

நம் தச்சர் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறார். பலகையைக் காலால் பிடித்துக்கொண்டு அறுக்கிறார். சம்மணமிட்டு உளி போடுகிறார். முன்னால் பை வைத்த பட்டையுடன் குந்தினால் பையின் வாய் வயிற்றில் குத்தும், ஸ்க்ரூ தரையில் கொட்டும். பட்டை வாங்கிய பலர் சில நாளில் அதை ஆணியில் தொங்கவிட்டுவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை; அந்தப் பட்டை வேறொரு உடல் நிலைக்காக வெட்டப்பட்டது.

எனவே முதலில் உங்கள் வேலை நாளைப் பாருங்கள். பாதி நேரத்துக்கு மேல் நின்றோ ஏணியிலோ வேலை என்றால் பட்டை தேவை. பெரும்பாலும் தரையில் என்றால் பட்டை வேண்டாம். கைப்பிடி வைத்த திறந்த மரத்தட்டு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். தச்சருக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை என்றாலும் அளவைச் சொல்லிவிடுகிறேன். 12 மி.மீ. பிளைவுட், 45 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம். பக்கப் பலகை 12 செ.மீ. உயரம், இரு முனைப் பலகைகளும் 28 செ.மீ. உயரம். முனைப் பலகைகளின் மேல்பகுதியில் துளையிட்டு 25 மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் கம்பைக் குறுக்கே செருகினால் கைப்பிடி. உள்ளே ஒரு பக்கம் ஸ்க்ரூ டப்பாக்களுக்கு 10 செ.மீ. தடுப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எல்லாம் தெரியும், எல்லாம் எட்டும். அறை மாறும்போது ஒரே பிடியில் தூக்கிப் போகலாம்.

இனி பட்டை வேண்டியவர்களுக்கு.

பட்டை வயிற்றில் கட்டுவதல்ல. இடுப்பின் இருபக்கமும் கையால் அழுத்தினால் தட்டுப்படும் எலும்பின் மேல் விளிம்பில் அது உட்கார வேண்டும். அப்போதுதான் எடை எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கும். குறைந்தது இரண்டு அங்குல அகலம். உள்ளே பஞ்சு வைத்த நான்கு அங்குலப் பட்டை இன்னும் நல்லது. மெல்லிய பட்டையில் கனமான பையை மாட்டி இறுக்கிக் கட்டினால், இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் ஒரு நரம்பு அமுங்கும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், எரியும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். மருத்துவர்கள் இதை மெரால்ஜியா பரஸ்தெடிகா என்பார்கள். கருவிப் பட்டை கட்டுபவர்களிடம் காணப்படும் தொல்லை இது. அந்த அறிகுறி தெரிந்தால் பட்டையைக் கழற்றிவிட்டு எடையைக் குறையுங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். இன்னும் இறுக்கிக் கட்டுவது தீர்வாகாது.

எடை நான்கு கிலோவைத் தாண்டும் என்றால் தோள்வார் சேர்க்க வேண்டும். தோள்வார் இருந்தால் பட்டையைத் தளர்வாகக் கட்டலாம் என்பது அதன் இன்னொரு நன்மை. நம் வெயிலில் அகன்ற பஞ்சுத் தோள்வார் வியர்வையைக் குடித்துக் கனக்கும்; வலைத்துணி வைத்தது தேவலை. பல பாக்கெட் வைத்த மேல்சட்டை போன்ற அமைப்பு குளிர் நாடுகளுக்குச் சரி. சித்திரை மாதத்தில் மதுரையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. லுங்கி கட்டி வேலை செய்து பழகியவர்கள் பட்டை அணியும் நாளில் மட்டுமாவது கால்சட்டைக்கு மாறுவது நல்லது. லுங்கியின் மடிப்பு மீது பட்டை நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இடம் ஒதுக்குவதில் ஒரு முறை உண்டு. வலக்கைக்காரர் வலக்கையில் சுத்தியல் பிடிக்கிறார், இடக்கையால் ஆணி எடுக்கிறார். ஆகவே ஆணி, ஸ்க்ரூ இடப்பக்கம். சுத்தியல், டிரில், உளி வலப்பக்கம். இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளட்டும். இரு பைகளும் கால்சட்டையின் பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். முன்பக்கம் காலியாக இருந்தால்தான் குனிய முடியும். நடு முதுகில் கெட்டியான எதையும் வைக்காதீர்கள். வழுக்கி விழுந்தால் முதுகெலும்பு மோதுவது அதன் மீதுதான். டேப்புக்கு இடம் தேட வேண்டாம், கை தானாக எங்கே போகிறதோ அங்கே வையுங்கள். பென்சில் காதிலேயே இருக்கலாம்.

உளியைப் பட்டையில் வெறுமனே செருகாதீர்கள். முனையில் மூடி, அல்லது உறைக்குள் தடித்த தோல். ஏணியில் ஏறும்போது முழங்கால் மேலே வரும். உளி முனை எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பட்டையுடன் காலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

டிரில்லை இடுப்பில் தொங்கவிட உறை விற்கிறார்கள். ஏணி வேலைக்கு அது சரி. பிட்டைக் கழற்றிவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். கூடுதல் பேட்டரியை மட்டும் ஸ்க்ரூ பையில் போடவே போடாதீர்கள். பேட்டரியின் உலோக முனைகளை ஒரு ஸ்க்ரூ இணைத்துவிட்டால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து சூடேறும். லித்தியம் பேட்டரியில் அது தீ வரை போகக்கூடும். பேட்டரியோடு வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிந்திருந்தால், துணிப்பை ஒன்றில் தனியாக வையுங்கள்.

ஆறாம் படி: உயரத்தில் வேலை என்றால்

ஏணி ஏறும்போது இரு கால், ஒரு கை, அல்லது இரு கை, ஒரு கால் என எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும். கையில் கருவி இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கயிறு கட்டிய வாளியை மேலே ஏறிய பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கூரையிலும் சாரத்திலும் இது பழைய வழக்கம். பட்டை வந்த பிறகு பலர் இதை விட்டுவிட்டார்கள்.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் சுத்தியல் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் இருக்கும். திறந்த வளையத்தில் தொங்கும் சுத்தியல், குனியும்போது எளிதில் நழுவும். உயரத்தில் இருக்கும் நேரமெல்லாம் கருவிக்கு ஒரு வார் கட்டுங்கள். ஒரு முனை கைப்பிடியில், மறு முனை பட்டையில். டிரில் போன்ற கனமான கருவியைப் பட்டையில் கட்டுவதைவிடச் சாரத்தின் கம்பியில் கட்டுவது நல்லது. விழும்போது உங்களையும் சேர்த்து இழுக்காது.

ஏழாம் படி: கூர்மையானவற்றுக்கு ஒரு துணிச்சுருள்

எந்தப் பை வாங்கினாலும் உளிகளைத் தனியாகச் சுருட்டி வைக்க வேண்டும். பைக்குள் உளியோடு உளி உரசினால் காலையில் தீட்டிய கூர் மதியம் இருக்காது. கடையில் வாங்கலாம், ஆனால் தைப்பது அரை மணி நேர வேலை.

ஆறு உளிக்குக் கெட்டிக் கான்வாஸ் 40 செ.மீ. அகலம், 65 செ.மீ. உயரம். கீழ்ப்பக்கத்திலிருந்து 20 செ.மீ. மேல்நோக்கி மடித்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் 5 செ.மீ. விட்டு, நடுவில் 5 செ.மீ. இடைவெளியில் நேர்த்தையல் போட்டால் ஆறு அறை கிடைக்கும். ஒன்றரை அங்குல உளி இருந்தால் அதன் அறையை மட்டும் 7 செ.மீ. ஆக்கித் துணியின் அகலத்தையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். அறைகளின் அடியில், மடிப்புக்குள், இரண்டு விரல் அகலத் தோல் பட்டை ஒன்றை வைத்துத் தைக்க மறக்கக்கூடாது. உளி முனை வெட்டுவது எப்போதும் அடிமடிப்பைத்தான். மேலே மிஞ்சும் துணி கைப்பிடிகளின் மீது கவிழ்ந்து மூடும். ஓரத்தில் ஒரு நாடா. சுருட்டிக் கட்டிவிட்டால் பையின் எந்த மூலையிலும் போட்டுக்கொள்ளலாம். இழைப்புளிக்கும் ஒரு பழைய காலுறை உறையாகும். கத்தி உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எட்டாம் படி: கடையில் பார்க்க வேண்டியவை

துணிப் பைகளில் 600, 1000, 1680 டெனியர் என்று எழுதியிருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் கூடும். கருவிக்கு 600 போதாது. துணியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். பைகள் பெரும்பாலும் துணியில் கிழிவதில்லை, கைப்பிடி சேரும் தையலில்தான் பிய்ந்து போகின்றன. கைப்பிடி பையின் அடி வரை சுற்றி வந்து தைக்கப்பட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாய்ப்பகுதியில் மட்டும் தைத்து நிறுத்தியிருந்தால் வேண்டாம்.

கம்பிச் சட்டம் வைத்து அகலத் திறந்து நிற்கும் வாய் நல்லது. ஜிப்பின் பல் பெரியதாக இருக்கட்டும். மரத்தூள் சிறு பல்லை அடைத்துவிடும். உட்புறம் வெளிர் நிறமாக இருந்தால் கருவி தெரியும். கறுப்புப் பைக்குள் கறுப்புப் பிட்டைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இருந்தால் ஈரத்தரையில் கவலையில்லை. கடையிலேயே உங்கள் கருவிகளை உள்ளே போட்டுத் தூக்கிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க அவசரப்பட வேண்டாம். பட்டையென்றால் மாட்டிக்கொண்டு குந்தி எழுந்து பார்க்க வேண்டும். நின்றபடி கண்ணாடியில் பார்ப்பது போதாது.

தோல் பை வேண்டுமானால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் அளவு கொடுத்தால் உங்கள் சுத்தியலுக்கும் உங்கள் உளிக்கும் ஏற்ற பையைத் தைத்துத் தருவார். தாவரப் பட்டையால் பதனிட்ட தோலைக் கேளுங்கள். ஆவாரம்பட்டையில் பதனிடும் வழக்கம் இங்கே இருந்ததுதான். அது விறைப்பாக நின்று வாயைத் திறந்தே வைத்திருக்கும். குரோமியத்தில் பதனிட்ட மெல்லிய தோல் தொங்கிப்போய் வாயை மூடிக்கொள்ளும், ஸ்க்ரூ எடுக்க இரண்டு கை வேண்டியிருக்கும். 3 மி.மீ. தடிமன், மூலைகளில் ரிவெட்.

வியர்வையும் மழையும்

தோல் வியர்வையையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய அறையில் இரண்டு வாரம் கிடந்த தோல் பையில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். உளியைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் விட்டால் துருவும் பிடிக்கும். வேலை இல்லாத நாட்களில் உளியை வெளியே எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துணிச்சுருளில் வைப்பதே சரி. கடற்கரை ஊர்களில் இதை வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்த தோலை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

துணிப் பையை மாதம் ஒரு முறை கவிழ்த்துத் தட்டுங்கள். மரத்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும், துருவுக்கு அதுவும் ஒரு காரணம். தட்டும்போதே அடித்தையலையும் கைப்பிடித் தையலையும் விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் நைந்திருந்தால் அன்றே தைத்துவிடலாம். அடித்துணியில் உளி வெட்டிய ஓட்டை இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் பயனில்லை. அந்தப் பையை மூன்றாவது குவியலுக்குக் கொடுத்துவிட்டு, மாடி ஏறும் வேலைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.